தூங்கும் நகராவை எழுப்புவது யார்?

திருச்செந்தூரில் உச்சிக்காலப் பூஜை முடிந்து மணி அடித்த பிறகுதான் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையில் வீரபாண்டியக் கட்டபொம்மன் இலையில் கை வைப்பான் என்று அந்தப் பக்கத்துப் பெரியவர்கள் வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். திருச்செந்தூருக்கும் பாஞ்சாலங்குறிச்சிக்கும் இடையே குறுக்கு வழியாகப் பார்த்தாலும் ஏறத்தாழ 50 கிலோமீட்டர். கோயில் மணி அத்தனை தூரம் கேட்குமா? கேட்காது. அதற்காக வழிநெடுக நகரா மண்டபங்கள் கட்டப்பட்டிருந்தனவாம். மணி ஓசை கேட்டதும் முதல் மண்டபத்தில் நகரா முழங்கும். அதைக் கேட்டு இரண்டாவது. இரண்டாவதைக் கேட்டு மூன்றாவது. இப்படியே பனங்காட்டையும் கரிசல் காட்டையும் தாண்டிச் சேதி கோட்டைக்கு வந்து சேரும்.

கணக்குப் பார்த்தால் இது ஒன்றும் நடக்காத காரியமல்ல. ஒலி விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் செல்கிறது. 50 கிலோமீட்டரைக் கடக்க அதற்கு இரண்டரை நிமிஷம் போதும். இரண்டு கிலோமீட்டருக்கு ஒரு மண்டபம் என்று வைத்துக் கொள்வோம். இருபத்தைந்து நகராக்கள். ஒவ்வொருவனும் கேட்டுவிட்டுக் குச்சியை ஓங்க இரண்டு விநாடி எடுத்துக் கொண்டாலும் ஐம்பது விநாடிதான் கூடுதல். மன்னரின் சோறு ஆறிப் போகாது.

ஆனால் இந்தக் கதையைச் சொல்பவர்கள் ஒரு விஷயத்தை விட்டுவிடுகிறார்கள். பூஜை நேரம் போக மற்ற நேரமெல்லாம் அந்த நகராக்காரன் என்ன செய்து கொண்டிருந்தான்? சித்திரை வெயிலில், ஆள் அரவமற்ற பொட்டலில், மண்டப நிழலில் குச்சியும் கையுமாக விழித்துக் கொண்டே உட்கார்ந்திருப்பானா? துண்டை விரித்துப் படுத்திருப்பான். அப்படியானால், பக்கத்து நகரா முழங்கும்போது அவனை எழுப்புவது யார்? அவன் கண்ணைக் கசக்கிக் கொண்டு எழுந்திருப்பதற்குள் பக்கத்து நகராக்காரன் அடித்து முடித்துவிட்டால்? ஒவ்வொரு மண்டபத்திலும் எழுந்திருக்க ஒரு நிமிஷம் என்றால், இரண்டரை நிமிஷப் பயணம் அரை மணி நேரமாகி விடுமே!

இன்றைக்குக் கம்ப்யூட்டர்களுக்கு உள்ளே ஓடும் அதிவேக இணைப்புகளை அமைக்கும் பொறியாளர்கள் மண்டையை உடைத்துக் கொள்வது இதே கேள்விக்காகத்தான். அவர்களுடைய நகராக்காரன், கடுகுக்குக் கொஞ்சம் பெரிய ஒரு சில்லு. அதற்கு ரிப்பீட்டர் என்று பெயர். ஒரு பக்கம் நலிந்து வரும் மின் சமிக்ஞையை வாங்கி, மறுபக்கம் பலமாக அனுப்புவது அதன் வேலை. வேலை இல்லாத நேரத்தில் அது தூங்க வேண்டும்; இல்லாவிட்டால் பாட்டரியைத் தின்று தீர்த்துவிடும். வேலை வரும்போது கண் இமைப்பதற்குள், அதாவது உண்மையிலேயே கண் இமைக்கும் நேரத்தில் ஆயிரக்கணக்கில் ஒரு பங்குக்குள், எழுந்துவிட வேண்டும்.

தந்தி காலத்துத் தகராறு

இந்தத் தகராறு புதியதல்ல. 1851-ல் ஓஷானஸ்ஸி என்ற டாக்டர் கல்கத்தாவிலிருந்து டயமண்ட் ஹார்பருக்குத் தந்தி போட்ட காலத்திலேயே கம்பியில் செல்லும் மின்சாரம் தூரம் போகப்போக மெலிந்து போவது தெரிந்த சங்கதி. இடையில் ஒரு குமாஸ்தா உட்கார்ந்து, வந்த சேதியைக் காகிதத்தில் எழுதி, மறுபடி முதலிலிருந்து அடித்து அனுப்புவார். பிறகு அவருக்குப் பதிலாக ரிலே என்ற கருவி வந்தது. மெலிந்த மின்சாரம் ஒரு சிறு மின்காந்தத்தை அசைக்க, அந்தக் காந்தம் உள்ளூர்ப் பாட்டரியின் புது மின்சாரத்தை அடுத்த கம்பியில் திறந்துவிடும். நகராக்காரனுக்கு யந்திர அவதாரம் என்று சொல்லலாம்.

அந்தக் காலத்திலேயே சிக்கனப் பிரச்னை எழுந்து, இரண்டு கட்சிகள் உண்டாயின. அமெரிக்கர்கள் கம்பியில் எப்போதும் மின்சாரம் ஓடும்படி வைத்து, அதைத் துண்டித்துத் துண்டித்துச் சேதி சொன்னார்கள். ஐரோப்பாவில் சேதி இருக்கும்போது மட்டும் மின்சாரம்; மற்ற நேரம் கம்பி சும்மா கிடக்கும். இரண்டாவது முறையில் பாட்டரி மிச்சம். ஆனால் கம்பி எங்காவது அறுந்துவிட்டால், அடுத்த தந்தியை அடித்துப் பார்க்கும் வரையில் யாருக்கும் தெரியாது. முதல் முறையில் பாட்டரி செலவு. ஆனால் கம்பி அறுந்த அந்தக் கணமே ஆபீஸில் தெரிந்துவிடும். சும்மா இருக்கும் கம்பி உயிரோடு சும்மா இருக்கிறதா, செத்துக் கிடக்கிறதா? இந்தக் கேள்விக்கு விலை பாட்டரி. 2013 ஜூலையில் இந்தியாவில் தந்திச் சேவைக்கு மூடுவிழா நடந்தாலும், தந்திக்காரர்கள் விட்டுச் சென்ற இந்தக் கேள்வி அப்படியே கம்ப்யூட்டருக்குள் குடியேறியிருக்கிறது.

மூன்று சென்டிமீட்டர் எழுத்து

ஒரு சாண் நீளக் கம்பிக்கு ரிப்பீட்டர் எதற்கு என்று தோன்றலாம். காரணம் வேகம். 2008-ம் வருஷம் நவம்பரில் வெளியான யூ.எஸ்.பி. மூன்றாம் பதிப்பில் விநாடிக்கு 500 கோடி குறிகள் ஓடுகின்றன. (யூ.எஸ்.பி. என்பது பென் டிரைவ் சொருகுகிறோமே, அந்தத் துளைதான். அதை வகுத்த முக்கியமான பொறியாளர்களில் ஒருவர் பரோடாவில் படித்து அமெரிக்காவின் இண்டெல் கம்பெனிக்குப் போன அஜய் பட்.) 500 கோடி என்றால், ஒரு குறிக்குக் கிடைக்கும் நேரம் 200 பிக்கோ விநாடி. பிக்கோ விநாடி என்பது ஒரு விநாடியின் லட்சம் கோடியில் ஒரு பங்கு. கம்ப்யூட்டர்ப் பலகையின் செப்புத் தடத்தில் மின் அலை அந்த நேரத்தில் மூன்று சென்டிமீட்டர்தான் ஓட முடியும். அதாவது ஒவ்வொரு குறியும் மூன்று சென்டிமீட்டர் நீளமுள்ள எழுத்து. ஒரு முழத் தடத்தில் பதினைந்து எழுத்துகள் ஒன்றன்பின் ஒன்றாக ரயில் பெட்டிகள் மாதிரி போய்க் கொண்டிருக்கும்.

பலகையும் கேபிளும் இந்த வேகத்தைப் பொறுத்துக் கொள்வதில்லை. மெதுவான அலைகளை விட்டுவிட்டு வேகமான அலைகளை அவை விழுங்கிவிடுகின்றன. கூர்மையான எழுத்துகள் மழுங்கி ஒன்றோடொன்று ஒட்டிக் கொள்கின்றன, நீர் பட்ட மைக் கடிதம் போல. பத்து இன்ச் பலகை, அதற்குப் பிறகு ஒரு கேபிள் என்றால், மறுமுனைக்குப் போய்ச் சேருவது படிக்க முடியாத கிறுக்கல். எனவேதான் நடுவில் ஒரு ரிப்பீட்டர்.

ரிப்பீட்டரில் இரண்டு ஜாதி. ஒன்று ரீடிரைவர். வந்ததை அப்படியே தெளிவாக்கிப் பெரிதாக்கி அனுப்பும். அது என்ன சேதி என்று அதற்குத் தெரியாது. சேதியோடு இரைச்சல் வந்தால் இரைச்சலையும் சேர்த்துப் பெரிதாக்கும். மற்றது ரீடைமர். அது வந்த எழுத்துகளை உண்மையாகவே படிக்கிறது. படித்து, புதுத் தாளில் எழுதுவது போல், புது எழுத்தாக எழுதி அனுப்புகிறது. பழைய குமாஸ்தாவின் வாரிசு இது. விலையும் அதிகம், மின்சாரமும் அதிகம் குடிக்கும்.

நான்கு வகைத் தூக்கம்

யூ.எஸ்.பி. இணைப்புக்கு நான்கு நிலைகளை வகுத்திருக்கிறார்கள். பூஜ்யம், ஒன்று, இரண்டு, மூன்று என்று அவற்றுக்கு எண். பூஜ்யம் என்றால் முழு விழிப்பு. ஓடியாடி வேலை செய்யும் நிலை. ஒன்று, உட்கார்ந்தபடியே கண்ணயர்வது. கூப்பிட்டால் மறுகணம் எழுந்துவிடலாம். சாதனங்கள் தாம் எழுந்திருக்க எடுக்கும் நேரம் என்று இதற்கு அறிவிக்கக்கூடிய உச்ச அளவு 10 மைக்ரோ விநாடி. இரண்டாவது நிலை, திண்ணையில் துண்டை விரித்துப் படுப்பது. எழ 2,047 மைக்ரோ விநாடி வரையில் சலுகை உண்டு. ஏறக்குறைய இரண்டு மில்லி விநாடி. மூன்றாவது, விளக்கை அணைத்துக் கதவைச் சாத்திக் கொண்டு தூங்குவது. மடிக் கம்ப்யூட்டரின் மூடியைச் சாத்தும்போது நேர்வது இது.

தூக்கம் ஆழமாக ஆழமாக மிச்சமாகும் மின்சாரம் அதிகம். எழுந்திருக்கும் நேரமும் அதிகம். உறங்கப் போகும்போது இரு முனைகளும் முறையாகச் சொல்லிக் கொண்டுதான் போகின்றன. "ஒன்றாம் நிலைக்குப் போகலாமா?" என்று ஒரு முனை கேட்கும். "சரி" அல்லது "இப்போது முடியாது" என்று மறுமுனை பதில் சொல்லும். மிக்க மரியாதை.

பாவம், நடுவில் நிற்கும் ரீடிரைவர்! அதனிடம் யாரும் எதுவும் சொல்வதில்லை. "போகலாமா", "சரி" என்பதெல்லாம் அதன் வழியாகத்தான் போகின்றன. ஆனால் அந்தப் பாஷை அதற்குத் தெரியாது. தபால்காரனுக்குக் கடிதத்துக்குள் இருப்பது தெரியாதது மாதிரி. ஆகவே அது ஊகம் செய்ய வேண்டியிருக்கிறது. சத்தம் நின்று இவ்வளவு நேரமாகிவிட்டது, ஆகவே எல்லோரும் தூங்கியிருப்பார்கள், நாமும் கொஞ்சம் விளக்கைக் குறைப்போம் என்று. ஊகம் சரியாக இருந்தால் லாபம். ஒன்றாம் நிலையில் லேசாகக் கண்ணயர்ந்த இணைப்பை மூன்றாம் நிலை என்று தப்பாக எடுத்துக் கொண்டு இது ஆழ்ந்து தூங்கிவிட்டால், இரு முனைகளும் பத்து மைக்ரோ விநாடியில் எழுந்து உட்கார்ந்து பேச ஆரம்பிக்கும். நடுவில் இருப்பவன் குறட்டை விட்டுக் கொண்டிருப்பான்.

ரீடைமருக்கு இந்தக் குருட்டுத்தனம் கிடையாது. பாஷை தெரிந்ததால் "போகலாமா" என்பதைக் கேட்டு அதுவும் அதே அளவு தூங்கும். ஆனால் அதற்கு வேறு சங்கடம். எழுந்ததும் அது உடனே வேலைக்கு வர முடியாது. வரும் எழுத்துகளின் தாளத்தோடு தன் கடிகாரத்தை ஒட்ட வைத்த பிறகுதான் படிக்கவே முடியும். வழியில் இரண்டு ரீடைமர் இருந்தால் முதலாவது தாளம் பிடித்த பிறகே இரண்டாவதற்குச் சுத்தமான ஒலி கிடைக்கும். இருபத்தைந்து நகராக்காரர்கள் ஒவ்வொருவராக எழுந்த கதைதான். இரு முனைகளும் தங்களுக்கு எவ்வளவு நேரம் வேண்டும் என்று முன்கூட்டியே அறிவித்து வைத்திருக்க, நடுவில் இருப்பவர்களின் கொட்டாவி அந்தக் கணக்கில் சேரவில்லை என்றால் எழுப்பும் கெடு தவறிவிடும்.

கரிசல்காட்டு விதையின் புத்தி

தூங்குகிறவனை எழுப்ப, 500 கோடி வேகத்தில் கத்திப் பயனில்லை. அந்த வேகத்தைக் கேட்கும் காதுகளைத்தானே முதலில் அணைத்து வைத்திருக்கிறார்கள்? எனவே எழுப்புவதற்கென்று ஒரு மெதுவான தட்டு ஏற்பாடாகியிருக்கிறது. ஒரு அலைக்கு 20 முதல் 100 நானோ விநாடி வரை எடுத்துக் கொள்ளும் தாழ்ந்த ஒலி அது. சேதி ஓடும் வேகத்தோடு ஒப்பிட்டால் நூறு பங்கு மந்தம். இதைக் கேட்க ஒரு சின்னஞ்சிறு காது போதும். மற்ற உறுப்புகள் எல்லாம் அணைந்திருக்க, இந்த ஒரு காது மட்டும் துளி மின்சாரத்தில் விழித்திருக்கும்.

அந்தக் காது எவ்வளவு கூர்மையாக இருக்க வேண்டும்? இங்கேதான் விஷயம் நுட்பமாகிறது. அதற்குக் கோவில்பட்டிக்கே திரும்ப வேண்டும்.

1901-ல் தொடங்கிய கோவில்பட்டி விவசாய ஆராய்ச்சி நிலையம் மானாவாரிக் கரிசலுக்காகவே பாடுபட்டு வந்திருக்கிறது. அங்கே வற்புறுத்திச் சொல்லும் முறைகளில் ஒன்று முன்பருவ விதைப்பு. மழை வந்த பிறகு கரிசலில் கால் வைக்க முடியாது; காலோடு ஒரு கூடை மண் ஒட்டிக் கொண்டு வரும். ஏர் இறங்காது. அதனால் வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே, புரட்டாசியில், காய்ந்த புழுதியிலேயே சோளத்தையும் பருத்தியையும் விதைத்துவிடுவது. விதை மண்ணுக்குள் மழைக்காகக் காத்துக் கிடக்கும்.

ஆபத்து என்னவென்றால், பருவமழைக்கு முன் ஏமாற்றுத் தூறல் ஒன்று வரும். மேல் மண் நனையும். ஆழமில்லாமல் விதைத்த விதை, மழை வந்துவிட்டது என்று நம்பி முளைவிடும். பிறகு பத்து நாள் வெயில். முளை கருகிவிடும், விதைச் செலவும் போச்சு, பருவமும் போச்சு. ஆகவே விதையை 5 சென்டிமீட்டர் ஆழத்தில் போடச் சொல்கிறார்கள். அவ்வளவு ஆழம் நனையும்படி பெய்தால்தான் அது நிஜ மழை. தூறலுக்கு அந்த விதை அசையாது. அதற்காக ஒரு முழ ஆழத்தில் போட்டாலும் ஆகாது; முளை வெளியே வந்து சேராது.

எழுப்பும் காதுக்கும் இதே கதி. சமிக்ஞை 100 மில்லி வோல்ட்டுக்குக் குறைவாக இருந்தால் அதைச் சட்டை செய்யக் கூடாது. 300 மில்லி வோல்ட்டைத் தாண்டினால் கட்டாயம் எழுந்துவிட வேண்டும் என்று விதி. இரண்டுக்கும் நடுவில் எங்கே கோடு போடுவது என்பது சில்லைச் செய்பவர் சாமர்த்தியம். காது அதிகக் கூர்மையானால், பக்கத்துக் கம்பியில் ஓடும் இரைச்சலெல்லாம் அழைப்பாகத் தோன்றும். நடு ராத்திரியில், மூடி வைத்த கம்ப்யூட்டர் தானாக விழித்துக் கொண்டு பைக்குள்ளேயே சூடாகிக் கிடக்கும். காலையில் பாட்டரி காலி. காது மந்தமானால், நீண்ட கேபிள் வழியே மெலிந்து வரும் உண்மையான அழைப்பு காதில் விழாது. சொருகிய பென் டிரைவ் சொருகியபடி இருக்க, கம்ப்யூட்டர் அதைக் காணோம் என்று சொல்லும்.

தீக்குச்சியில் பாதி, பெட்டியில் பாதி

எழுப்பும் தட்டு ஒரு பக்கத்திலிருந்து வந்தால் போதாது. தட்டியவனுக்குப் பதில் தட்டு வர வேண்டும். பதில் வந்த பிறகே இருவரும் வேக பாஷைக்கு மாறலாம். கோவில்பட்டித் தீப்பெட்டியைப் போல என்று வைத்துக் கொள்ளுங்கள். குச்சியின் தலையில் பொட்டாசியம் குளோரேட்; பெட்டியின் பக்கவாட்டில் சிவப்புப் பாஸ்பரஸ். இரண்டும் சந்தித்து உரசினால்தான் தீ. தனித்தனியே வைத்திருப்பதால்தான் லாரி குலுங்கினாலும் சரக்கு பத்திரமாகப் போய்ச் சேருகிறது.

ஆனால் ஒன்றாம் நிலையிலிருந்து எழுப்பும் தட்டு மிகவும் குறுகியது. அது ஒரு மைக்ரோ விநாடிக்கும் குறைவாக இருக்கலாம். நடுவிலிருக்கும் ரிப்பீட்டர் "ஏதோ தட்டுகிறதே" என்று உணர்ந்து, தன் மின் சுற்றுகளை உயிர்ப்பித்து, மறுபக்கம் தட்டத் தொடங்குவதற்குள் தட்டில் ஒரு பகுதி போய்விடும். மறுமுனைக்குப் போவது நறுக்கிய தட்டு. அது மிகவும் குறைந்துவிட்டால், "இது எழுப்பும் தட்டல்ல, வேறு ஏதோ" என்று மறுமுனை திரும்பிப் படுத்துக் கொள்ளும். தட்டின் நீளத்துக்கே அர்த்தம் உண்டு என்பதுதான் சிக்கல். நீளம் கொஞ்சம் மாறினால் சொல்லே மாறிவிடும். மிக நீண்ட தட்டுக்கு, 80 முதல் 120 மில்லி விநாடி வரை நீடிப்பதற்கு, "எல்லாவற்றையும் மறந்துவிட்டு ஆதியிலிருந்து தொடங்கு" என்று பொருள். தமிழில் குறில், நெடில் மாறினால் படும் பாடு தெரியாதா?

இதற்குப் பரிகாரம் என்னவென்றால், முதல் நிலைத் தூக்கத்தில் ரிப்பீட்டர் முழுவதும் அணையாமல், தட்டைக் கடத்தும் பாதையை மட்டும் அனல் ஆறாமல் வைத்திருப்பது. அடுப்பில் தணலை மூடி வைப்பது போல. மிச்சம் குறையும், தட்டு நறுங்காது.

உயிரோடு இருக்கிறாயா?

தந்திக்காரர்களின் பழைய கேள்வி இங்கே தலை நீட்டுகிறது. இருவரும் தூங்கிக் கொண்டிருக்கும்போது ஒருவர் பென் டிரைவை உருவிக் கொண்டு போய்விட்டால் கம்ப்யூட்டருக்கு எப்படித் தெரியும்?

இதற்கு இரண்டு வழி வைத்திருக்கிறார்கள். லேசான தூக்கத்தில், சாதனம் சுமார் 200 மில்லி விநாடிக்கு ஒரு முறை "இருக்கிறேன்" என்று ஒரு சின்ன முனகல் முனகும். 300 மில்லி விநாடி வரையில் முனகல் வராவிட்டால் ஆள் இல்லை என்று தீர்ப்பு. ஆழ்ந்த தூக்கத்தில் முனகலும் இல்லை. கம்ப்யூட்டரே 100 மில்லி விநாடிக்கு ஒரு தடவை கம்பியில் ஒரு சிறு மின் அழுத்தத்தை ஏற்றிப் பார்க்கும். மறுமுனையில் ஆள் இருந்தால் அங்குள்ள மின்தடை வழியாக ஒரு விதமாகவும், இல்லாவிட்டால் வேறு விதமாகவும் அழுத்தம் ஏறும். கிணற்றில் கல்லைப் போட்டுத் தண்ணீர் இருக்கிறதா என்று ஓசையில் அறிகிற மாதிரி.

நடுவில் ரிப்பீட்டர் வந்துவிட்டால் இந்தக் கல், ரிப்பீட்டரின் தலையில் விழுகிறது! கம்ப்யூட்டர் பார்ப்பது சாதனத்தை அல்ல, ரிப்பீட்டரை. அது சதா ஆள் இருப்பதாகவே காட்டிக் கொண்டிருந்தால், காலித் துளையில் ஒரு பேய்ச் சாதனம் இருப்பதாகக் கம்ப்யூட்டர் நம்பி, அதோடு பேச முயன்று தூங்காமல் அவஸ்தைப்படும். ஆகவே நல்ல ரிப்பீட்டர் மறுபக்கம் தானே ஒரு கல் போட்டுப் பார்க்க வேண்டும். ஆள் இருந்தால்தான் இந்தப் பக்கம் "இருக்கிறது" என்று காட்ட வேண்டும். போய்விட்டால் உடனே தன்னையும் மறைத்துக் கொள்ள வேண்டும். தூக்கத்திலும் இந்தக் காவல் நிற்கக் கூடாது.

தூங்கினால் நஷ்டமாகும் நேரம்

தூக்கம் என்றால் எப்போதும் லாபம் என்று நினைத்துவிடக் கூடாது. ஆபீஸ்களில் கம்ப்யூட்டர்களை இணைக்கும் ஈதர்நெட் கம்பிக்கு 2010-ல் சிக்கன விதி ஒன்று வகுத்தார்கள். ஜிகாபிட் கம்பி ஒன்று தூங்கப் போக 182 மைக்ரோ விநாடியும், எழுந்திருக்க 16.5 மைக்ரோ விநாடியும் ஆகும். ஆனால் 1,500 பைட் உள்ள ஒரு பெரிய பொட்டலத்தை அனுப்ப 12 மைக்ரோ விநாடிதான். பொட்டலம் ஒவ்வொன்றாக வந்து, ஒவ்வொன்றுக்கும் தூங்கி எழுந்தால், வேலை பன்னிரண்டு, படுக்கை விரித்துச் சுருட்டுவது இருநூறு! ஆகவே புத்திசாலிக் கருவிகள் பொட்டலங்களைக் கொஞ்சம் சேர்த்து வைத்து ஒன்றாக அனுப்புகின்றன. நாலு பேர் ஏறட்டும் என்று டவுன் பஸ் காத்து நிற்கிறதல்லவா, அதுதான். முதலில் ஏறியவருக்கு எரிச்சல், டீசல் மிச்சம்.

இவ்வளவு தொல்லை எதற்கு, தூங்காமலே இருக்கட்டுமே என்று கேட்கத் தோன்றும். பலர் அப்படித்தான் செய்கிறார்கள். சாதனம் அடிக்கடி காணாமல் போனால், கம்ப்யூட்டரில் மின் சிக்கன ஏற்பாட்டையே அணைத்துவிடுவதுதான் கடைக்காரர்கள் சொல்லும் கை வைத்தியம். குணமாகிவிடும்; ஆனால் விலை உண்டு. விழித்திருக்கும் ரிப்பீட்டர் ஒன்று 300 மில்லி வாட் எடுப்பதாக வைத்துக் கொள்வோம். 40 வாட் மணி பாட்டரியை அது ஒன்றே ஐந்தரை நாளில் குடித்துவிடும். அதுவே தூங்கி 3 மில்லி வாட் எடுத்தால், அதே பாட்டரியைக் குடிக்க ஒன்றரை வருஷம் வேண்டும். தமிழ்நாடு அரசு 2011-ல் மாணவர்களுக்கு இலவச மடிக் கம்ப்யூட்டர் கொடுக்கத் தொடங்கிய பிறகு, மின்சாரம் போன ராத்திரியிலும் அதன் வெளிச்சத்தில் படித்த பிள்ளைகள் கரிசல் கிராமங்களில் உண்டு. அவர்களுக்குக் கடைசி இருபது சதவீதப் பாட்டரி என்றால் என்னவென்று தெரியும்.

பெரிய இடத்து நகராக்கள் வேறு மாதிரி. செயற்கை அறிவுக்காக எழுப்பப்படும் பெரிய கம்ப்யூட்டர்க் கூடங்களில் ரீடைமர்கள் வரிசை வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன. அங்கே ஓடும் பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் இணைப்பு 2022-ல் வந்த ஆறாம் பதிப்பில் ஒரு தடத்தில் விநாடிக்கு 6,400 கோடி குறிகளை எட்டிவிட்டது. ஒரு விநாடித் தாமதத்துக்கும் அங்கே பணம் என்பதால், தூங்கவிடத் தயங்குகிறார்கள். நீண்ட கடலடிக் கேபிள்களில் உள்ள ரிப்பீட்டர்களுக்கோ தூக்கம் என்ற பேச்சே இல்லை. கரையிலிருந்து செலுத்தும் மின்சாரத்தைக் குடித்துக் கொண்டு, கடல் அடியில் வருஷக் கணக்காக விழித்துக் கிடக்கின்றன. கோவில்பட்டிக்குப் பக்கத்துத் துறைமுகமான தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கு அருகே கல்கிசைக்கு 2006-ல் போட்ட கேபிள் இந்தத் தொல்லையையே வைத்துக் கொள்ளவில்லை. 300 கிலோமீட்டருக்கு மேற்பட்ட அந்தக் கண்ணாடி இழையில் கடலுக்குள் ஒரு ரிப்பீட்டர்கூடக் கிடையாது. கரையிலேயே பலமாக முழக்கி, அக்கரையிலேயே கூர்மையாகக் கேட்டுக் கொள்கிறார்கள்.

மடிக் கம்ப்யூட்டர்க்காரருக்கு அந்த வசதி இல்லை. புதுச் சில்லு வந்ததும் சோதனைச் சாலையில் அதைத் தூங்கப் போட்டு எழுப்புகிறார்கள்; மறுபடி தூங்கப் போட்டு மறுபடி எழுப்புகிறார்கள். குட்டைக் கேபிளில், நெட்டைக் கேபிளில், சூட்டில், குளிரில், நல்ல பென் டிரைவில், மலிவுப் பென் டிரைவில். விடிய விடிய, ஆயிரக்கணக்கான தடவை. இடையில் ஏதோ ஒரு தடவை எழுந்திருக்காமல் போய்விடும். உடனே எழுந்த ஆயிரங்களை விட்டுவிட்டு, எழுந்திருக்காத அந்த ஒன்றின் மின் அலையைப் படம் பிடித்து வைத்துக் கொண்டு, தட்டு எந்த நானோ விநாடியில் நறுங்கியது என்று அளக்க உட்காருகிறார்கள்.